ஏமாறியவர் மீதான பழி: ஆள்மாறாட்ட மோசடிகளும் தமிழ் அறமரபும்

'ஏமாறு' என்பது தன்வினை. 'ஏமாற்று' என்பது அதன் பிறவினை. 'அவர் ஏமாறினார்' என்னும் தொடரில் எழுவாய் இழந்தவரே; வினையும் அவருடையதே. ஏமாற்றியவருக்கு அத்தொடரில் இடமில்லை. நாளிதழ்களில் அடிக்கடி காணப்பெறும் 'பணத்தைப் பறிகொடுத்தார்' என்னும் வழக்கு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பறித்தல் ஒருவன் செயலாக இருக்க, 'கொடு' என்னும் துணைவினை இழந்தவரையே கொடுத்தவர் ஆக்கிவிடுகிறது. 'ஏமாற்றப்பட்டார்' என்னும் செயப்பாட்டுவினை எழுத்து வழக்கில் உண்டெனினும் பேச்சில் அருகியே வழங்குகிறது. மொழியமைப்பிலிருந்து ஒரு சமுதாயத்தின் அறநோக்கை நேரே பெற்றுவிட இயலாது என்பது உண்மையே. ஆயினும் தொலைபேசி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் பொருளை இழந்தவர்கள் இன்று எதிர்கொள்ளும் முதல் வினா, 'எப்படி ஏமாந்தீர்கள்?' என்பதாகவே இருக்கிறது. வீட்டாரும் காவல் நிலையத்தாரும் வங்கியாரும் வேறுவேறு குரலில் இதனையே கேட்கின்றனர்.

இவ்வினாவின் அடியில் ஓர் அறக்கருத்து மறைந்து நிற்கிறது. ஆராய்ந்து நம்பவேண்டியது ஒவ்வொருவரின் கடமை. அக்கடமையில் தவறியவர் இழப்பில் ஒரு பங்கு குற்றம் உடையவர் என்பதே அது. இக்கருத்து தமிழ் அறமரபின் இசைவைப் பெறுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தெரிந்து தெளிதல் யாருக்குரிய கடமை?

நம்புவதற்கு முன் ஆராய்க என்னும் அறிவுரைக்குத் திருக்குறளைச் சான்று காட்டுவது மேடைகளில் பெருவழக்கு. தெரிந்துதெளிதல் (அதி. 51), பொச்சாவாமை (அதி. 54) என்னும் இரண்டு அதிகாரங்களும் இதற்குக் கைகொடுப்பன. முன்னது ஆராய்ந்து நம்புதலையும் பின்னது மறதியும் சோர்வும் இன்றியிருத்தலையும் பேசுவதால், இன்றைய வங்கி எச்சரிக்கைகளுக்கு இவை பழைய வடிவங்கள் போலத் தோன்றும்.

எனினும் இவற்றின் வைப்புமுறை நோக்கத்தக்கது. இவ்விரண்டும் பொருட்பாலில், அரசியலில் அமைந்தவை. பிறரை வஞ்சித்தலின் இழிவைப் பேசும் கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை ஆகியன (அதி. 28–30) அறத்துப்பாலில் உள்ளன. அதாவது, வஞ்சிப்பவனின் குற்றம் அறத்தின்கண் வைத்து எண்ணப்பட, நம்புபவனின் சோர்வு ஆளும் திறத்தின்கண் வைத்து எண்ணப்பட்டுள்ளது. முன்னது தீமை, பின்னது திறக்குறை. இவை ஒரே துலாக்கோலில் நிறுக்கப்படவில்லை.

தெரிந்துதெளிதல் அதிகாரம் யாரை முன்னிறுத்திப் பேசுகிறது என்பதும் கருதற்குரியது. அது வினைக்குரியோரைத் தேர்ந்தெடுக்கும் அரசனை நோக்கியது. குடிப்பிறப்பு, குற்றமின்மை, கல்வி, நாணம் முதலியவற்றை ஆராய்ந்தறிய ஒற்றரும் அமைச்சரும் காலமும் உடையவன் அவன். அவன் தெளிவில் பிழை நேரின் அதன் விளைவு நாட்டின்மேல் வந்து விழும். ஆகவே ஆராயும் வாய்ப்பும், ஆராயாமையின் விளைவைப் பிறர்மேல் சுமத்தும் ஆற்றலும் ஒருங்குடையவனுக்கே அக்கடமை வற்புறுத்தப்படுகிறது. பொருட்பால் உரைப்பன ஏனையோர்க்கும் பொருந்துவனவே என்று வாதிடலாம், அது தவறன்று. ஆனால் பொருந்தும் அளவு ஒன்றாக இராது. ஓய்வூதியம் பெறும் ஒருவர் தம் கைப்பேசிக்கு வந்த அழைப்பை ஆராய்வதற்கு உரிய கருவி அவரிடம் யாதுள்ளது? திரையில் தோன்றும் எண்ணையும் பெயரையும் அன்றி வேறொன்றையும் அவர் காண இயலாது. அவ்வெண்ணும் பெயருமே பொய்யாக அமைக்கப்பட்டிருக்கும்.

அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் ஆராயாது நம்புதலோடு, நம்பியபின் ஐயுறுதலையும் சேர்த்தே ஓயாத துன்பம் என்கிறது. 'எவரையும் நம்பாதீர்' என்னும் இக்கால முழக்கத்திற்கு அதில் இடமில்லை.

மதுரையில் நேர்ந்த ஆள்மாறாட்டம்

அடையாளத் திருட்டு என்னும் தொடர் புதிது; ஆள்மாறாட்டம் என்னும் சொல் தமிழில் முன்பே வழங்குவது. இரண்டற்கும் நுண்ணிய வேறுபாடு உண்டு. ஒரு பொருள் திருடப்பட்டால் உரியவரிடம் அப்பொருள் இராது. அடையாளம் 'திருடப்பட்ட' பின்னும் உரியவரிடமே இருக்கிறது. அவர் பெயரில் பிறர் செய்த செயல்களுக்கு அவர் விடைசொல்ல வேண்டியிருப்பதே அங்கு நேரும் தீங்கு. வாங்காத கடனுக்கு அறிவிக்கை வருகிறது. திறக்காத கணக்கிற்காகக் காவல் துறையினர் வாயிலில் நிற்கின்றனர். எனவே திருட்டு என்பதினும் பழிமாற்றம் என்பதே இதன் இயல்புக்கு நெருங்கியது.

இவ்வகையில் நோக்கின், சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் ஒரு பழிமாற்றத்தின் கதையே. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். கள்வன் என்னும் பெயரைப் பெற்றவன் கோவலன். அப்பெயர் மாறுவதற்குத் துணைநின்றவை இரண்டு: புறத்தோற்றத்தில் ஒத்த இரு சிலம்புகள், ஆராயாத ஓர் ஆணை. கொலைக்களக் காதையில் ஒரு செய்தி பெரிதும் கவனம் பெறாமல் போய்விடுகிறது. கோவலனைக் கண்ட காவலர், அவன் தோற்றம் கள்வனின் தோற்றமன்று என்று ஐயுறுகின்றனர். அந்நிலையில் பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குரிய துணைகள் எட்டினை அடுக்கி, களவு நூலில் வல்லவன்போல் விரித்துரைத்து அவர்தம் ஐயத்தை அடக்குகிறான். ஐயத்தைத் துறைசார்ந்த சொற்களால் மூடுவது அவன் கையாளும் உத்தி. சட்டப் பிரிவுகளையும் வழக்கு எண்களையும் தடையின்றி அடுக்கி, எதிரிலுள்ளவர் வினவுமுன் வாயடைக்கச் செய்யும் இன்றைய மோசடியாளர் கையாள்வதும் இதுவே.

இளங்கோவடிகள் பழியை எங்கு வைக்கிறார்? பொற்கொல்லனின் தீமையில் ஐயமில்லை. ஆயினும் வழக்குரை காதை அவனை நோக்கி நடைபெறுவதன்று; அது அரசனை நோக்கியது. மன்னனும் ஒருவகையில் ஏமாற்றப்பட்டவனே. பொய்ச் சான்றை மெய்யென நம்பியவன். 'யானும் ஏமாறினேன்' என்று அவன் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் தானே கள்வன் என ஏற்று உயிர்விடுகிறான். ஆராயும் வாய்ப்புடையவன் ஆராயாது விட்டதால் பிறனொருவன் அழிந்தபின், தானும் வஞ்சிக்கப்பட்டேன் என்பது விடுதலைக்குரிய வாதமாகாது என்பது இக்காப்பியம் கொண்ட நிலை. சிலம்பின் உட்பரல் யாது என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். அக்கேள்வியைக் கேட்கக்கூடிய இடத்தில் இருந்தவன் கோவலன் அல்லன்.

ஈண்டு ஓர் இடைப்பிறவரல். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த வஞ்சனைக்கு அவன் தொழிலினர் அனைவரும் பொறுப்பாக்கப்பட்டனர். ஜார்க்கண்டு மாநிலத்தின் ஜாம்தாரா என்னும் ஊர்ப்பெயரே தொலைபேசி மோசடிக்கு மறுபெயராக வழங்குவதைக் காணும்போது, அப்பழைய சினம் உருமாறி நிலவுவது புலப்படுகிறது.

வேடத்தை வணங்கியவர்

இதுவரை கூறியதற்கு எதிர்ச்சான்றாக ஒரு நூற்பகுதி முன்வைக்கப்படலாம். அது பெரியபுராணத்தின் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சடைமுடி புனைந்து, நூற்கட்டினுள் படைக்கருவியை மறைத்துத் திருக்கோவலூர் அரண்மனைக்குள் புகுகிறான். வாயில்காக்கும் தத்தன், அரசர் துயிலும் காலம் என்று கூறித் தடுக்க முயல்கிறான்; பயனில்லை. கிடைத்தற்கரிய ஆகம நூலொன்று கொணர்ந்திருப்பதாகவும், அரசியும் உடனிருத்தல் ஆகாது என்றும் முத்தநாதன் கூறுகிறான். அரசர் அவளை அகற்றிவிட்டுத் தாம் தாழ்ந்த இடத்தில் அமர்ந்து வணங்குகிறார், குத்துண்டு வீழ்கிறார்.

2024ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் பேசுபொருளான 'டிஜிட்டல் கைது' மோசடியின் படிகளை இதனோடு வைத்து நோக்கினால் ஒற்றுமை வியப்பளிக்கும். மோசடியாளர் காணொளி அழைப்பில் காவலர் சீருடையுடன் தோன்றுகிறார். பின்னணியில் அலுவலகம் போன்ற அறை. உங்கள் பெயரில் அனுப்பப்பட்ட பொதியில் போதைப்பொருள் இருந்தது என்றோ, உங்கள் கணக்கில் கருப்புப் பணம் புழங்கியது என்றோ கூறுகிறார். இதனை எவரிடமும் சொல்லலாகாது, கதவை அடைத்துத் தனியே இருக்கவேண்டும், அழைப்பைத் துண்டிக்கலாகாது என ஆணையிடுகிறார். இறுதியில், 'சரிபார்த்துத் திருப்பித் தரப்படும்' என்னும் உறுதியோடு பணம் பெயர்க்கப்படுகிறது. மதிப்பிற்குரிய வேடம், பிறர் அறியலாகாத செய்தி, உடனிருப்போரை அகற்றுதல் என்னும் மூன்றும் சேக்கிழார் காட்டிய வரிசையிலேயே வருகின்றன. அத்தகைய கைது இந்தியச் சட்டத்தில் இல்லை என்பதை அரசு பலமுறை அறிவித்தது. 2024 அக்டோபர் 27ஆம் நாள் வானொலி உரையில் பிரதமரும் இதனை எடுத்துரைத்தார்.

இவ்வாறு பொருளிழந்தோருள் ஓய்வுபெற்ற அலுவலர்களும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் உளர். கல்வியின்மையே காரணம் என்னும் விளக்கம் இங்கு நில்லாது. சட்டத்திற்கு அஞ்சி நடந்தமையே அவர்களைப் பற்றுவதற்குரிய பிடியாக அமைந்தது. வாழ்நாளெல்லாம் விதிகளை மீறாதவருக்கே 'உங்கள்மேல் வழக்கு' என்னும் சொல் பேரச்சம் தரும். குற்றத்தில் பழகியவன் அதற்கு நடுங்கான்.

சேக்கிழார், ஏமாற்றப்பட்ட அரசரைப் பேதை என்னவில்லை. தத்தன் வாளோங்கியபோதும் தடுத்து, வேடம் பூண்டவனை ஊரெல்லைவரை ஊறின்றிக் கொண்டுவிடச் செய்து, அச்செய்தியைக் கேட்ட பின்னரே உயிர்விட்ட அடியாராக அவரைப் போற்றுகிறார். அவ்வாறாயின், ஆராயும் ஆற்றலுடைய அரசர் ஆராயாமை பாண்டியனிடத்துப் பழியாகவும் மெய்ப்பொருளாரிடத்துப் புகழாகவும் நிற்பது எங்ஙனம்? சமயநூல் ஒன்று, காப்பியம் ஒன்று என விடை கூறுவது எளிது, அது போதாது. வேறுபாடு இழப்பு யார்மேல் விழுந்தது என்பதில் உள்ளது. மெய்ப்பொருளார் தம் நம்பிக்கைக்குரிய விலையைத் தாமே தந்தார். பாண்டியனின் நம்பிக்கைக்கு விலை தந்தவன் கோவலன். தன் உயிரை வைத்து நம்புதலும் பிறன் உயிரை வைத்து நம்புதலும் ஒன்றாகா.

வங்கியின் நிலை

இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்கின், மோசடியில் தொடர்புடைய நிறுவனங்கள் எவ்விடத்தில் நிற்கின்றன என்பது தெளிவாகும். பொய்யான ஆவணத்தை மெய்யென ஏற்றுக் கணக்கொன்றைத் திறக்கும் வங்கியும், பிறர் பெயரில் சிம் அட்டை வழங்கும் விற்பனையாளரும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட தரவைக் காவாது விடும் நிறுவனமும் ஏமாற்றப்பட்டவர்களே. ஆனால் அவர்கள் ஏமாறியதன் இழப்பு முதலில் சென்று விழுவது அவர்களுக்குத் தொடர்பற்ற ஒருவர்மேல். அவர்கள் நிற்குமிடம் மெய்ப்பொருளாருடையதன்று.

2020களின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் நடந்த ஒருவகை மோசடி இதற்கு விளக்கமாகும். நிலப் பத்திரப் பதிவின்போது வைக்கப்பட்ட கைரேகைகள் அப்பதிவுகளின் படிகளிலிருந்து எடுக்கப்பட்டு, செயற்கை அச்சுகளாக்கப்பட்டு, ஆதார்வழிப் பணம் எடுக்கும் கருவிகளில் பயன்படுத்தப்பட்டன. பணத்தை இழந்தோர் எவரோடும் பேசவில்லை. எந்தக் கடவுச்சொல்லையும் பகரவில்லை. சட்டம் கேட்டபடி அரசு அலுவலகத்தில் விரலை வைத்ததே அவர்கள் செய்தது. இவர்களை 'ஏமாறினர்' என்று கூறுவதற்கு மொழியில் கூட இடமில்லை. சிலம்புக்கேனும் உள்ளே வேறு பரல் இருந்தது. உடைத்துக் காட்ட முடிந்தது. ரேகைக்கு உட்பரல் இல்லை. கடவுச்சொல்லை மாற்றலாம்; விரலை மாற்ற இயலாது.

சட்டங்கள் இச்சிக்கலை ஓரளவு உணர்ந்துள்ளன. 2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் அடையாளத் திருட்டையும் கணினிவழி ஆள்மாறாட்டத்தையும் 3 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றங்கள் ஆக்கின. நுகர்வோர் நம்பிக்கையோடு தந்த தனிச்செய்தியைச் சட்டத்திற்கு மாறாகப் பிறர்க்கு வெளியிடுதலை முறையற்ற வணிக நடைமுறை என 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகுத்தது. 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பில் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க வழிசெய்தது. ஆயின் அத்தண்டம் அரசுக்குரியது. தரவிழந்தவருக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு அச்சட்டத்தில் இல்லை. பாண்டியன் தண்டம் செலுத்திக் கருவூலத்தை நிரப்பியிருந்தால் கண்ணகிக்கு அதனால் ஆவது யாது?

இவற்றுள் அறவியல் நோக்கில் மிகுந்த ஆய்வுக்குரியது, இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை. ஒப்புதலின்றி நிகழ்ந்த மின்னணுப் பணப் பெயர்ச்சிகளில் இழப்பை யார் ஏற்பது என்பதை அது வகைப்படுத்தியது. வங்கியின் குறையால் நேர்ந்ததாயின் வாடிக்கையாளர்க்குப் பொறுப்பில்லை. இருவரிடமும் இன்றி மூன்றாமிடத்தில் குறை நேர்ந்து, 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தாலும் பொறுப்பில்லை; 4 முதல் 7 வேலை நாள்களாயின் வரம்புக்குட்பட்ட பொறுப்பு. கடவுச்சொல் முதலியவற்றைப் பகர்தல் போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததாயின், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை முழு இழப்பும் அவருடையது. வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமை வங்கியைச் சார்ந்தது.

மெய்ப்பிக்கும் சுமையை வலியவர்மேல் வைத்த இந்நெறி பாராட்டத்தக்கது. ஆயின் அதன் மையமான 'கவனக்குறைவு' என்னும் சொல் இரண்டு வேறு நிலைகளை ஒன்றாக்கிவிடுகிறது. அட்டையின் பின்புறத்தில் மறைகுறியீட்டை எழுதிவைத்தவரும், சீருடையணிந்த குரலின் அச்சுறுத்தலில் பல மணிநேரம் அடைபட்டிருந்து அதனைச் சொன்னவரும் ஒரே பெயரைப் பெறுகின்றனர். முன்னது பொச்சாப்பு. பின்னதை அப்பெயரால் அழைத்தல் பொருந்தாது. அஞ்சுவித்துப் பெற்ற இசைவை இசைவு என எண்ணாத மரபே நீதிமன்றங்களிலும் நிலவுகிறது. இந்த வேறுபாட்டை ஓரளவு ஏற்ற முறை வேறிடத்தில் உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 2024 அக்டோபர் 7 முதல், வஞ்சிக்கப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை ஈடுசெய்யும் கடமை விதிக்கப்பட்டது. அத்தொகையை அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் சரிபாதியாக ஏற்கவேண்டும். மிகப் பெரிய கவனக்குறைவு விலக்காக உண்டு. நலிந்த நிலையிலுள்ளோர்க்கு அவ்விலக்கும் பொருந்தாது.

ஈடு உறுதி என்றால் மக்கள் விழிப்பின்றி இருப்பர் என்னும் மறுப்பு வலுவுடையதே. வங்கி ஏற்கும் இழப்பு கட்டணமாக எல்லா வாடிக்கையாளர்மேலும் பரவும் என்பதும் உண்மை. ஆனால் முதல் மறுப்பு ஒன்றை மறந்துவிடுகிறது. பணம் மீண்டாலும் அச்சமும் நாணமும் மீளா. அவற்றை விரும்பி ஏற்பார் இலர். இரண்டாவதைப் பொறுத்தவரை, பலர்மேல் சிறிதாகப் பரவும் சுமையையும் ஒருவர்மேல் முழுதாக விழும் சுமையையும் சமமாக எண்ணுதல் கடினம்.

நாணத்தைப் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். இழந்தவரை நகைப்பது பண்பின்மை என்ற அளவில் நிற்பதன்று. அது பொருளிழப்பையும் பெருக்குகிறது. மோசடிப் பணம் பெறப்பட்டவுடன் பல கணக்குகளாகப் பிரிந்து செல்லும். 1930 என்னும் உதவி எண்ணுக்கு விரைந்து தெரிவித்தால் அது செல்லும் வழியில் நிறுத்தப்பட வாய்ப்புண்டு. நாணி ஒருநாள் வாளாவிருந்தவருக்கு அவ்வாய்ப்பு குறைகிறது. மேற்குறித்த சுற்றறிக்கையின் நாள்கணக்கும் அவருக்கு எதிராகவே ஓடியது. 'எப்படி ஏமாந்தீர்கள்?' என்னும் கேள்விக்கு அஞ்சிக் கழித்த நேரம் முழுவதும் மோசடியாளர்க்கு ஊதியம்.

ஏமாற்றியவருள் ஏமாற்றப்பட்டவர்

வஞ்சிப்பவர், வஞ்சிக்கப்பட்டவர் என்னும் பகுப்பும் எப்போதும் தூயதாக இல்லை. தென்கிழக்காசியாவில் நல்ல ஊதியத்தில் கணினி வேலை என்னும் விளம்பரத்தை நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள், மியான்மரின் மியாவடி போன்ற பகுதிகளில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையில் வலிந்து ஈடுபடுத்தப்பட்டனர். தமிழகத்தைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். 2025 மார்ச்சில் மட்டும் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொணரப்பட்டனர். திரும்பி வந்தோர் பாதிக்கப்பட்டோரா, குற்றவாளிகளா என்பதற்கு ஒரு சொல்லில் விடையில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்தத் தந்துவிட்டு, பின்னர் வழக்கில் சிக்கும் வறியோர் நிலையும் ஏறக்குறைய இதுவே. இவர்கள் அறியாமற் செய்தது எவ்வளவு, அறிந்தும் அறியாதவர்போற் செய்தது எவ்வளவு என்பதை ஒவ்வொருவரிடத்தும் தனித்தனியே ஆராயவேண்டும். ஆயிரவரை ஒருங்கே பலியிட்ட செழியனின் முறை இங்கும் உதவாது.

ஆயினும் அக்கணக்குகளைத் திறந்து கொடுத்தவர், அவற்றில் ஒரே நாளில் பெருந்தொகை வந்து அந்நாளே வெளியேறியதைக் கண்டும் வினவாதிருந்தவர் என ஓரிடம் எஞ்சுகிறது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் கைது மோசடிகளைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. டிசம்பர் 1ஆம் நாள் அவற்றின் புலனாய்வை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தபோது, மோசடிக்கெனக் கணக்குகள் திறக்கப்பட்டதில் வங்கி அலுவலர்களுக்குப் பங்குண்டா என்பதை ஆராயவும் அத்துறைக்கு உரிமை அளித்தது. இழந்தவரை நோக்கியே கேட்கப்பட்டுவந்த வினா, அவ்வாணையால் வாயிற்காவலரையும் அவையோரையும் நோக்கித் திரும்பியுள்ளது.